ஒரே வெளிச்சம்

இரண்டாயிரம் லூமென் என்கிறது அட்டை.
குளியலறைக் கதவைச் சாத்தி, கூரைக்கு அடித்து,
கைபேசியில் அளந்து கணக்குப் போடுகிறாள் வெல்கா:
நூற்றுப் பத்து. அதுவும் முதல் நிமிடம்.
மூன்று யூரோவுக்கு
அரிச்சந்திரனா கிடைப்பான்.

லியபாயா சரக்கு யார்டில், ஜனவரியில்,
நாலு மணிக்கே இருட்டு.
பெட்டிகளுக்கு அடியில் குனிந்து
பிரேக் கட்டை பார்ப்பது அவள் வேலை.
போன வாரம் கையுறை விரல் தடுமாறி
பொத்தான் பாதி அமுங்க,
டார்ச் வெட்டி வெட்டி மின்னியது.
பக்கத்துத் தடத்தில் ஓயார்ஸ்
நாற்பத்திரண்டு பெட்டி நிலக்கரியை
அப்படியே நிறுத்திவிட்டார்.
இறங்கி வந்து கேட்டார்:
"யார் செத்தது?"

இப்போது சமையல் மேசையில்
வயிறு திறந்து கிடக்கிறது அது.
மரையில் கிரீஸ்.
வால் ஸ்பிரிங்குக்குக் குறுக்கே ஒரு செம்பு இழை;
ஈயப் புகை, ஆறிய காபி.
மின்னச் சொல்லும் சில்லை
ஊசியால் நெம்பி எறிந்துவிட்டு
அந்த இடத்தில் ஒரு மின்தடை,
அரிசி அளவு.

மறுபடி குளியலறை. நூற்று அறுபது.
அழுத்தினால் எரிகிறது,
அழுத்தினால் அணைகிறது.
வேறொன்றும் தெரியாது அதற்கு.

ஓயார்ஸுக்கும் ஒன்று செய்து கொடுத்தாள்.
நாலு முறை அழுத்திப் பார்த்துவிட்டு
அவர் சந்தேகமாகக் கேட்டார்:
"ஆபத்துக்கு?"

"கத்துங்கள்."