உப்புத்தரை

விற்பனைக்கு: நூற்றுப் பதினேழு ஏக்கர்.
வேட்டைக்கு உகந்தது. மின்சாரம் இல்லை.
ஓடை உண்டு. மண்பாதை உண்டு, மார்ச்சில் புதையும்.
இயற்கையான உப்புத்தரை; மான்கள் தவறாமல் வரும்.

'இயற்கையான' என்று எழுதியது நான்தான்.
நான்கு வருடமாக விலைபோகாத நிலம்.
ஒரு சொல் கூடப் போனால் என்ன?

ஈரியிலிருந்து வந்திருந்தார் வேர்ன் ஸ்டாஃபர்,
கூரை போடும் ஒப்பந்தக்காரர்.
பரணுக்கு மரம் தேடி
அண்ணாந்தபடியே நடந்தார்.
நான் குனிந்தபடி.
இங்கே பள்ளங்கள் அதிகம்.

"நரி தோண்டினதா?"
நரிக்கு மூலைமட்டம் பிடிக்கத் தெரியுமா, வேர்ன்?
அறுபத்திரண்டு வீடுகள், ஒரே அளவு.
ஒரு பள்ளிக்கூடம், இரண்டு தேவாலயம்,
ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை கிடையாது.
ஊர்ப்பெயர் ஹெல்பர்ன். வரைபடத்தில் தேடவேண்டாம்.

ஹெம்லாக் மரத்தை உரித்துப் பட்டையை எடுத்தார்கள்,
மரத்தை அப்படியே அழுக விட்டார்கள்.
அர்ஜென்டினாவிலிருந்து மாட்டுத்தோல் வந்தது,
கப்பலில், பிறகு ரயிலில்,
விறைத்து, மடிப்பு மடிப்பாய், உப்பு அப்பி.
உதறுவதற்கென்றே பன்னிரண்டு பேர்.
மழை நாளில் அவர்கள் கை வெடிப்பு எரியுமாம்.
பட்டை தீர்ந்த வருடம் கம்பெனி கிளம்பியது.
பலகையைக் கொண்டுபோனது, ஆணியைப் பிடுங்கி நிமிர்த்திக் கொண்டுபோனது,
உப்பை மட்டும் விட்டுவிட்டது.

நூறு வருடம் பெய்தும் கரையவில்லை அது.
அந்தியில் வந்து நிற்கும் மான்கள்,
முன்கால் மடித்து நக்கும்,
எந்த மாட்டின் தோலென்று கேட்காமல்.
உப்புத் தின்றது தண்ணீர் குடித்தாக வேண்டும்.
உப்புக்கும் ஓடைக்கும் நடுவே நாற்பது கெஜம்.
நான் விற்பது அந்த நாற்பது கெஜத்தை,
மீதி ஏக்கரெல்லாம் கொசுறு.

வேர்னின் மகள் டாம்சின், ஒன்பது வயது,
பீச் மரங்களுக்கு நடுவே கண்டுபிடித்தாள்
ஒரு தீயணைப்புக் குழாயை.
இடுப்பளவு இரும்பு, பாசி பிடித்த தலை.
சுற்றுமுற்றும் பார்த்தாள்.
"எதை அணைக்க?" என்றாள்.
அப்பா தூரம் அளந்துகொண்டிருந்தார்.

பத்திரத்தின் மூன்றாம் பக்கத்தை அப்போது சொன்னேன்,
சொல்லாமல் விட்டால் உரிமம் போய்விடும்.
மேட்டில் ஒரு கல்லறைத்தோட்டம், பதினெட்டுக் கற்கள்.
புதைந்தவர்களின் உறவினர் கால்நடையாய் வரலாம்,
எந்த நாளும், என்றென்றைக்கும்.
"யாராவது வருகிறார்களா?"
ஒருவர். டுவேன் குச்மா. எரிவாயு லாரி ஓட்டுகிறார்.
வருடத்தில் ஒரு நாள்தான்.
"எந்த நாள்?"

துப்பாக்கிப் பருவம் தொடங்கும் நாள்.
விடிவதற்கு முன்னால், ஆரஞ்சு அங்கி போட்டு,
மடக்கு நாற்காலியோடு ஏறிப்போவார்.
கல்லில் அவர் பெயர்தான் இருக்கிறது,
டுவேன் இல்லை, குச்மா மட்டும்; வயது: பதினோரு நாள்.
அவருக்கு ஆஸ்துமா வேறு.
இருமினால் பள்ளத்தாக்கின் அந்தக் கோடி வரை
வால் வெள்ளையாய்த் தூக்கி ஓடும் மான்கள்.

"பணம் கொடுத்துப் பார்த்தீர்களா?"
பார்த்தோம். எவ்வளவு என்று கேட்டார்,
சொன்னோம். நல்ல தொகை என்று ஒத்துக்கொண்டார்.
நவம்பரில் வந்து இருமினார்.

வேர்ன் குந்தி உட்கார்ந்தார்.
சாம்பல் மண்ணில் ஒரு சிட்டிகை எடுத்து
நாக்கு நுனியில் வைத்தார்.
கொஞ்ச நேரம் துப்பவில்லை.
பிறகு துப்பி, வாய் துடைத்து,
"ஆறாயிரம் குறையுங்கள்" என்றார்.
நாலில் முடிந்தது.

செவ்வாய்க்கிழமை கையெழுத்து.
அன்றிரவு டுவேனுக்குத் தொலைபேசியில் சொன்னேன்,
பெயர், ஊர், மகள் ஒருத்தி உண்டென்பது,
அந்தக் குழாயின் தலையில் அவள்
சிவப்புக் கம்பளித் தொப்பியை மாட்டி மறந்துவிட்டது.
எடுத்துத் தபாலில் அனுப்ப முடியுமா என்றேன்.

வெகுநேரம் இருமினார்.
"பனிக்காலம் வருது," என்றார்.
"அதுகிட்டயே இருக்கட்டும்."