எண்ணிப் பாருங்கள்

சீனப் புத்தாண்டுக்கு இன்னும் எட்டு நாள்.
புக்கிட் பாத்தோக் கிளையில்
கதவு திறக்குமுன்பே வரிசை
லிஃப்ட் வாசல்வரை வளைந்து கிடக்கிறது.
எல்லாருக்கும் வேண்டியது புது இரண்டு வெள்ளி.
ஊதாத் தாள், மடியாத தாள்,
ஒன்றையொன்று விடாமல் ஒட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக்.

ஈரப் பஞ்சைத் தொட்டுத் தொட்டு
வலது கட்டைவிரலில் ரேகை மங்கிவிட்டது எனக்கு.
ஜொகூர் போய்த் திரும்பினால்
சோதனைச் சாவடி இயந்திரம்
மூன்று முறை சொல்லும், மீண்டும் வைக்கவும் என்று.

வாயில் ஆங்கிலம், கொஞ்சம் மலாய்,
கூட வேலை செய்பவர்களிடம் பொறுக்கிய மாண்டரின்.
உள்ளே எண்ணுவது மட்டும் தமிழில்.
தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது.
அங்கே நாக்கு தடுக்கும்.
அதனாலேயே அங்கே ஒருநாளும் தவறியதில்லை.

பிரான் மீ கடைத் திருமதி இங்
மைலோ டின்னில் சில்லறை கொண்டுவருவார்.
இருபது காசுகளில் இறால் வாடை.
கணக்கை அவரே சொல்லிவிடுவார், நான் சரிபார்த்தால் கோபிப்பார்,
சரிபார்க்காவிட்டாலும் கோபிப்பார்.

பிறகு 1061.
கோவிந்தராஜு, அறுபத்தொன்பது வயது,
வைப்புத்தொகையை முறித்து நாற்பத்து மூவாயிரம்,
ரொக்கமாக.

கேட்க வேண்டிய கேள்விகள்
லாமினேட் செய்து கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒட்டியிருக்கின்றன.
யாராவது எடுக்கச் சொன்னார்களா?
யாரிடமும் சொல்லாதே என்றார்களா?

"வீட்டுக்கு டைல்ஸ் மாத்தறோம்" என்கிறார்.
நான் இன்னும் கேட்கவே இல்லை.

சட்டைப் பையில் போன்.
திரையின் வெளிச்சம் துணியைத் தாண்டித் தெரிகிறது.
அவர் நெஞ்சிலிருந்து யாரோ
என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

சீட்டின் பின்புறம் எழுதித் தள்ளினேன்,
போனில் யார்?
மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார்.
மறுபடி படித்தார்.
நான்காய் மடித்து
போனோடு சேர்த்து வைத்துக்கொண்டார்.
"பணத்தக் குடும்மா. என் காசுதானே."

அவர் காசுதான்.
முப்பத்தோரு வருஷம் பேருந்து ஓட்டிய காசு.

மேனேஜருக்குச் செய்தி அனுப்பிவிட்டு
தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன்.
மெதுவாக எண்ணினேன்.
இயந்திரம் இருக்கிறது, நிமிஷத்தில் முடித்துவிடும்.
கையால் எண்ணினேன்.
எண்ணூற்று அறுபது நீலத் தாள்,
ஒவ்வொன்றிலும் அதே முகம்,
பொடி எழுத்தில் சிங்கப்பூர் என்று தமிழிலும்.
தப்பு விட்டதுபோல் தலையை ஆட்டி
மறுபடி ஒன்றிலிருந்து.
வரிசை உச்சுக் கொட்டியது.
பக்கத்து முகப்பிலிருந்து ஹஸ்னா எட்டிப் பார்த்தாள்:
இவளா கையால் எண்ணுகிறாள்?

இரண்டாம் தடவை முந்நூறைத் தாண்டும்போது
சட்டைப் பை பேசியது.
"வை ஸோ லாங், அங்கிள்?"
இளம் குரல். அவசரம், அதில் கொஞ்சம் பாசம்.

அவர் முகம் சிவந்தது,
காதலில் பிடிபட்டவனைப்போல்.

"எண்ணிப் பாருங்க அங்கிள்" என்றேன்.
ஒரு நாளைக்கு இருநூறு தடவை சொல்வது,
கட்டைத் தள்ளிவிட்டுச் சொல்வது.
இன்று கட்டைத் தள்ளாமல் சொன்னேன்.

மேனேஜர் வந்து கண்ணாடி அறைக்கு அழைத்துப் போனார்.
கதவு சாத்தும்போது பார்த்தேன்,
ஒரு கை சட்டைப் பையைப் பொத்தியிருந்தது.
1062 வந்தது. 1063.
அடுத்த முறை நிமிர்ந்தபோது
அறையில் பாதி குடித்த தேநீர் மட்டும்.
கேட்டதற்கு மேனேஜர் உதட்டைப் பிதுக்கினார்.

மாலையில் கருத்துப் பெட்டியைத் திறந்தால்
நான்காம் முகப்புக்குப் பதினொரு சிவப்பு முகம்.
மிக மெதுவு. மிக மெதுவு. ஒருவர் சீன மொழியில்,
அதுவும் அதே பொருளாம்.
விளக்கப் படிவத்தில் காரணம் என்ற இடத்தில்
எண்ணிக்கொண்டிருந்தேன் என்றுதான் எழுத வந்தது.
ஆங்கிலத்தில் எழுதினேன்.
பாதிதான் வந்தது.

அதற்குப் பிறகு பெட்டி கணக்கு.
இரண்டு வெள்ளி கூடுதல்.
குறைந்தாலும் குற்றம், கூடினாலும் குற்றம்.
ஹஸ்னாவும் நானும் மேசைக்கடியில் முட்டிபோட்டு,
குப்பைக்கூடையைக் கவிழ்த்து,
காகித வளையங்களை ஒவ்வொன்றாய்ப் பிரித்து.
யாரோ ஒரு குழந்தையின் அங் பாவில்
ஒரு தாள் குறையும் என்றாள் அவள்.

ஏழு மணி.
ஏர்கான் நின்றுவிட்டது.
இரண்டு வெள்ளி இன்னும் கூடுதல்.