நீரில் அமிழும் ஆழம்

எல்பே ஆறு மெலிந்து ஒன்பதாம் நாள்.
டோர்காவுக்குக் கீழே இரண்டாவது வளைவில்
வயிறு நிறையக் கோதுமையோடு
மணலில் உட்கார்ந்துவிட்டது எங்கள் சரக்குப் படகு.
காலையில் ரேடியோ நீர்மட்டம் சொல்லும்:
ஐம்பத்திரண்டு. ஐம்பது. நாற்பத்தொன்பது.
காய்ச்சல் இறங்குவதைப் போலச் சொல்வார்கள்,
எங்களுக்குத்தான் ஏறும்.

சீட்டுக்கட்டு நான்காம் நாளே சண்டையில் முடிந்து
இஸ்பேடு ராணி அடுப்புக்குள் போய்விட்டாள்.
ஊபோவின் அக்கா சைக்கிளில் வந்து
கரையிலிருந்து எறிந்துவிட்டுப் போன பெட்டி இது.
மூடியில் ஒரு நாரை. நாரையின் காலடியில்
"இந்த ஆட்டத்தில் யாரும் தோற்பதில்லை."
"அப்புறம் எதற்கு ஆடுவது?" என்றார் கேப்டன் கேஷெ.

விதிகளை ஸ்பிஷெக் வாசித்தான்.
எங்களில் கடைசியாக ஜெர்மன் கற்றவன் அவன்,
அதுவும் வரிப் படிவங்களில் கற்றவன்.
காற்புள்ளியைக்கூடத் தாண்டமாட்டான்.

ஒரு வில்லை எடு, ஒரு வில்லை வை.
காட்டோடு காடு சேர்ந்தால் ஒரு புள்ளி,
வயலோடு வயல் சேர்ந்தால் ஒரு புள்ளி,
சேராவிட்டால் போகட்டும்.
ஆறு மட்டும் அறுபடக் கூடாது.

வாசிப்பை நிறுத்தினான்.
நால்வரும் ஜன்னலைப் பார்த்தோம்.
வெளியே, ஆற்றின் நட்டநடுவில்
ஒரு நாய் முழங்கால் நனையாமல் நடந்துகொண்டிருந்தது.

ஊபோ எஞ்சின்காரன், தண்டவாளம் கிடைத்தால் விடமாட்டான்.
கேஷெவுக்கு வளைவு ஆகாது.
"இப்படித் திரும்பினால் என் பின்பக்கம் கரையேறிவிடும்"
என்று ஆற்று வில்லையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.
ஆறு பக்கம், ஆறு விதம், ஒன்றும் ஒப்பவில்லை.
எண்பது மீட்டர்ப் படகு போகிற மாதிரி
மேசை விளிம்புவரை நேராக ஒரு கால்வாய் வெட்டினார்.
கூட்டினால் அறுபத்தொன்று.
கையேட்டின் கடைசிப் பக்கத்தில் அறுபத்தொன்றுக்கு எதிரே
"கணுக்கால் நனைத்தவர்கள்" என்று பட்டம்.
கேஷெ முப்பது வருஷம் படகோட்டியவர்.
அன்றிரவு சூப் குடிக்காமல் படுத்தார்.

இரண்டாம் ஆட்டத்தில் யாரும் யாரையும் திட்டவில்லை.
கோதுமைக்காரர் இரண்டு முறை போன் அடித்தார்.
கேஷெ எடுக்கவில்லை, கையில் காடு இருந்தது.

மூன்றாவதில்தான் எனக்குப் பிடிபட்டது:
வாயை அடைத்துக்கொண்டே போகக் கூடாது,
எந்த வில்லை வந்தாலும் உட்கார ஓரம் வேண்டும்.
ஆறும் தண்டவாளமும் கூடிய வில்லை பெட்டியில் இரண்டே இரண்டு,
அதற்கென்று ஒரு பொந்து விட்டுவைப்பது
லாட்டரிச் சீட்டை நம்பிக் கடைக்கால் தோண்டுவது.
ஏரிதான் கஷ்டம்.
கரை முழுக்கச் சூழ்ந்தால்தான் மர நாரை வந்து நிற்கும்,
வில்லைக்கு மூன்று புள்ளி.
பெரிதாகட்டும் என்று திறந்தே வைக்கலாம்,
ஆட்டம் முடிவதற்குள் மூடாவிட்டால் சைபர்.
ஊபோ இரண்டே வில்லையில் குட்டை கட்டி
நாரையை நிறுத்திவிட்டுக் காப்பி போடப் போய்விடுவான்.

நாலாவது ஆட்டம். பகல் நாலே முக்கால்.
கேஷெவின் ஏரி ஒன்பது வில்லை,
ஒரு மூலைதான் பாக்கி.
ஸ்பிஷெக் எடுத்தான். அதே மூலை.
தளத்தில் நின்ற ஊபோவுக்குக் காட்ட
ஜன்னலுக்கு வெளியே நீட்டினான்.
விரலில் வெண்ணெய்.

ஊபோ இறங்கி ஓடினான், சேறு செருப்பை வாங்கிக்கொண்டது.
வில்லை நிற்கவில்லை.
எங்கள் முகப்பைச் சுற்றி, மணல்திட்டின் ஓரமாய்,
மிச்சமிருந்த ஒரு சாண் ஓட்டத்தைத் தானே தேடிப் பிடித்து
விட்டன்பெர்க் பக்கமாக,
ஹாம்பர்க் பக்கமாக,
அவசரமில்லாமல் போனது.

"விதிப்படி..." என்று தொடங்கினான் ஸ்பிஷெக்.
ஏரிக்குச் சைபர்.
கேஷெ ஒன்றும் சொல்லவில்லை.
ஒன்பது நாளாகத் திறக்காத பயணக் குறிப்பேட்டை எடுத்தார்:

"16.47. புறப்பாடு, ஓட்டத்தோடு.
சரக்கு: ஏரியின் மூலை ஒன்று.
நீரில் அமிழும் ஆழம் ஒரு மில்லிமீட்டர்."

"இரண்டு" என்றான் ஸ்பிஷெக்.
அடித்துத் திருத்தினார்.