பன்னிரண்டாம் கேள்வி

ஞானஸ்நானச் சான்று, உறுதிபூசுதல் சான்று,
பங்குச்சாமியார் கடிதம்,
முக்கூடல் ஸ்டுடியோவில்
சிரிக்காமல் எடுத்த படம் இரண்டு.
எல்லாம் ஒரு ஜவுளிக்கடைப் பையில்.

பன்னிரண்டில் கேட்டிருந்தார்கள்:
கடன் ஏதும் உண்டா?

மகளிர் குழுவில் பதினெட்டாயிரம்.
தம்பி அந்தோணிமுத்து பைக்குக்கு
நான் போட்ட கையெழுத்து.
செவ்வாய்க்குச் செவ்வாய் நானூற்றைம்பது;
கை ஓயாமல் பீடி சுற்றினால்
அடுத்த ஆடிக்குள் அடையும்.

‘இல்லை’ என்று எழுதியிருக்கலாம்.
பேனா அதற்கும் தயாராய்த்தான் நின்றது.
எண்ணாலும் எழுதினேன், எழுத்தாலும் எழுதினேன்,
செக்கில் எழுதுகிற மாதிரி.

“முப்பது ஆயிட்டு, கடன்காரி வேற.
ஒன்னய எடுப்பாவளாட்டி வியாகுலம்?”
அம்மா இலை நறுக்கிக்கொண்டே கேட்டாள்.
கத்தரிக்கோல் நிற்கவில்லை.

ஏன் துறவறம்?
இதற்கு மூன்றே வரி விட்டிருந்தார்கள்.

கரண்டு போன ராத்திரி
விரல் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.
பக்கத்தில் ஒருவர் இருந்தார்.

வேறொன்றும் தோன்றவில்லை.
உறையை ஒட்டுமுன் முகர்ந்து பார்த்தேன்:
புகையிலை.
பாளையங்கோட்டையில் பிரிக்கிற சிஸ்டருக்குத்
தும்மல் வரலாம்.

தபால்பெட்டி தாண்டித்தான் குழுக் கூட்டம்.
இன்று செவ்வாய்.