மிலோ டின்

பதினேழு மாத்திரை.
எண்ணி மிலோ டின்னில் போட்டுப் பூட்டினேன்.
மோட்டார் சாவியும் அதற்குள்தான்.
"மருந்துக்குப் போய் பூட்டா?" என்று சிரித்தவர்
கஞ்சி ஊட்டும்போதே கண் சொக்கிப் போகிறார்.

சன்னாசி வந்தான்.
"ஒண்ணே ஒண்ணு அண்ணி,
விடிஞ்சா லோரி ஏத்தணும்."
செம்பனைக் குலை தூக்கியே வளைந்த முதுகு.
இவர் விழுந்த அன்று
பாகாவ் ஆஸ்பத்திரிக்கு இவரைச் சுமந்ததும்
அதே முதுகு.

வாயில் சம்சு வாடை.
மிஸ்ஸி நோரைனி விரலை ஆட்டிச் சொன்னாள்:
அவர் அளவு அவருக்குத்தான்.
தண்ணியோடு சேர்ந்தால்
தூக்கத்திலேயே மூச்சு மறந்துவிடும்.

கோடாலித் தைலத்தை நீட்டினேன்.
வாங்காமல் போனான்.

ராத்திரி, இவர் நெஞ்சைப் பார்த்தபடி
சுவர்க் கடிகாரத்தோடு மூச்சு எண்ணுகிறேன்.
நிமிடத்துக்குப் பதினான்கு. பதின்மூன்று.
ரொம்பக் குறைந்தால் உலுக்கு,
எழாவிட்டால் உடனே 999.
போன் மடியில் சூடாகக் கிடக்கிறது.

ஆறு, ஏழு...
பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம்
சன்னாசி புரண்டு முனகுகிறான்.
அதையும் சேர்த்து எண்ணிவிட்டேன்.

மறுபடியும்,
ஒன்று.