தடைக்காலத்தில் கண் பரிசோதனை

ஏப்ரல் பதினைந்து.
காசிமேட்டில் என்ஜின்கள் நின்றுவிட்டால்
ராயபுரத்தில் எங்கள் ஆய்வகம் வரை தெரியும்,
எங்கோ ஒரு பழைய ஃபிரிட்ஜ் அணைந்ததுபோல்.
அறுபத்தொரு நாள்.
எத்திராஜ் படகைக் கரையேற்றிவிட்டார்,
அடிவயிற்றில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டுகிறார்.
என் சம்பளம் ஒன்றுதான் வீட்டில்.
குழம்பில் முருங்கைக்காய்.

நான் ஸ்லைடு பார்க்கிறவள்.
இருபத்தாறு வருடமாய்
ஈரல், தோல், கருப்பை வாய்,
முகம் தெரியாதவர்களின் ஊதாவும் ரோஸும்.

பட்டினி கிடக்கும் செல்லும் இப்படித்தான்.
வரத்து நின்றதும் தன் வீட்டையே சுற்றிப் பார்க்கும்.
ஓட்டை விழுந்த மைட்டோகாண்ட்ரியா,
மடிப்புக் கலைந்த புரதம்
அத்தனையும் ஒரு சவ்வுப் பையில் சுருட்டிக்
கரைத்துத் தின்னும்,
தின்றதை வைத்தே புதிதாய்க் கட்டும்.
கடலுக்குப் போகிற நாளில்
யார் உட்கார்ந்து ஆணி பார்க்கிறார்கள்?

ஆனால் எல்லாம் கரையாது.
வயதான இதயத்தில், உட்கருவின் ஓரமாய்,
பழுப்பாய் ஒரு பொடி குவிந்திருக்கும்.
லிபோஃபுஸின் என்று ரிப்போர்ட்டில் எழுதுவார்கள்.
நான் மனசுக்குள்
கொடுங்கையூர் என்று படித்துக்கொள்வேன்.

பிரியவும் முடியாமல் சாகவும் மனமில்லாமல்
நிற்கிற செல்களும் உண்டு.
சும்மா நின்றாலும் பரவாயில்லை,
அக்கம்பக்கத்துக்கெல்லாம் எரிச்சலைக் கசியவிடும்,
எண்ணூர் சாலையில் துறைமுக கேட்டுக்குக் காத்து
என்ஜின் அணைக்காமல் நிற்கிற டிரெய்லர் மாதிரி.
புகை முழுக்க எங்கள் மாடித் துணியில்.

மே இரண்டாம் வாரம்
ஒரு ஸ்லைடின் மூலையில் பனி.
லென்ஸைத் துடைத்தேன்.
பக்கத்து மைக்ரோஸ்கோப்புக்கு மாறினேன்,
பனியும் கூடவே மாறியது.

"புரை" என்றார் கண் டாக்டர்.
"இந்த வயசுல வர்றதுதான்."
ஐம்பத்திரண்டு என்றேன், அவர் கேட்கவில்லை.

வீட்டுக்குப் போகாமல் படகுக்குப் போனேன்.
கழற்றிய பலகை கரையெல்லாம் கிடந்தது.
"இதுல மொத நாளு கட்டை ஒண்ணாவது கீதா?"
"ஏரா மட்டும் கீது.
அத்த மாத்தினா அது வேற படகு."

தோல் மாதத்துக்கு ஒருமுறை உதிர்ந்து வேறாகும்.
குடலின் உட்சுவர் ஒரு வாரம் தாங்காது.
கண்வில்லையின் நடு மட்டும்
நான் பிறப்பதற்கு முன்பே வார்த்தது.
திருவொற்றியூரில் அம்மா
ஏழாம் மாசத்திலும் ஷிஃப்டுக்குப் போய்வந்தாளே,
அப்போது அவள் தின்ற காரப்பொடியில் செய்தது.

வெளிச்சத்தை மறைக்கக் கூடாதென்று
அந்தச் செல்கள் தம் உட்கருவையே எறிந்துவிட்டன.
மைட்டோகாண்ட்ரியாவையும்.
பட்டறையை இடித்துத்தான் ஜன்னல் வைத்திருக்கின்றன.
பிறகு ரிப்பேர் ஏது?
சில துணைப்புரதங்கள் மட்டும்
சாய்கிறவற்றைத் தோளில் தாங்கி நின்றன,
மாற்றாள் வராத நைட் டியூட்டி,
ஐம்பத்திரண்டு வருடம்.
இப்போது கால் வலிக்கிறது அவற்றுக்கு.

ஆபரேஷன் ஜூன் பதினாறு.
முந்தின நாள் விடிவதற்குள் படகுகள் போயிருக்கும்.

எடுத்த வில்லையைத் தருவீர்களா என்று கேட்டேன்.
"முழுசா வராதும்மா,
உள்ளேயே உடைச்சு உறிஞ்சிடுவோம்."
ஊர்ப்பட்ட பேரின் சதையைக்
கண்ணாடியில் ஒட்டிப் பெயர் எழுதியிருக்கிறேன்.
இதற்கு ஒரு ஸ்லைடு இல்லை.

சாயங்காலம் எத்திராஜ் பெயின்ட் அடிக்கிறார்.
நீலமா, பச்சையா என்று கேட்டேன்.
திரும்பிப் பார்க்காமல்
"போன வருசத்து கலர்தான்" என்றார்.