பெயர்த் திருத்த மனு

ரேஷன் கார்டில் நான் எட்வின் பன்னீர்.
சம்பளச் சீட்டில் பானெல்.
பையனுக்குப் பாஸ்போர்ட் எடுக்கப் போனால்
அப்பனும் மகனும் வேறு வேறு குடும்பம் என்கிறது கம்ப்யூட்டர்.
ஆதாரம் கொண்டு வாங்க என்றார்கள் தாலுகா ஆபீசில்.
எத்தனை தலைமுறைக்கு என்று நான் கேட்கவில்லை.

லோகோ ஷெட்டில் நைட் ஷிப்ட் முடித்து
பர்னஸ் ஆயில் நாற்றத்தோடே ஏறினேன்
பாரக்ஸ் பக்கத்துக் கோயிலுக்கு.
சற்குணம் இரும்புப் பெட்டியைத் திறந்தார்.
பூச்சி அண்டாமலிருக்கத் தைலத் துணி சுற்றியிருக்கிறார்.
நூற்றைம்பது வருஷமாய்ச் செத்துக் கிடப்பவர்களுக்குச்
சளி பிடித்த வாசம்.
"கையத் துடைச்சீங்களா?"
துடைத்தேன். போகிற கறுப்பில்லை அது.

பக்கம் பக்கமாகக் காய்ச்சல்.
இருபத்திரண்டு வயது, இருபத்தாறு,
பிறந்து ஒன்பது நாள்,
ஒரே நவம்பரில் ஒரே கையெழுத்தில் பதினொரு பேர்.
பதினொன்றாவதில் எழுத்து சாய்ந்திருக்கிறது,
பாதிரியாருக்கும் கண்டிருக்கலாம்.

அப்புறம் கல்யாணப் பதிவேட்டில், அவன்.
ஜோப் பானெல், சிப்பாய்.
கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில்
ஒரு பெருக்கல் குறி.
அழுத்திய அழுத்தில் காகிதம் கிழிந்திருக்கிறது.

எங்கள் வீட்டில் சொன்னது வேறு.
கர்னல் என்றார் பெரியப்பா. வெள்ளைக் குதிரை இருந்ததாம்.
ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும்
இரண்டாவது கிளாஸுக்குப் பிறகு
அந்தக் குதிரை கொஞ்சம் உயரமாகும்.

டெர்பியில் அக்கா மகள் ஷெரில்
முதியோர் இல்லத்தில் வெள்ளைக்காரக் கிழவர்களைக் குளிப்பாட்டுகிறாள்.
லீவு நாளில் இரண்டு பஸ் மாறிப் போய்
பழைய பதிவேடுகளைப் போட்டோ பிடித்து அனுப்பினாள்.
"பேனா எடுத்தா திட்டுறாங்க மாமா, பென்சில்தானாம்."
ஜோபின் அப்பன், அவன் அப்பன், அவனுக்கும் அப்பன்:
சுண்ணாம்புக் காளவாய்க் கூலி.
சுண்ணாம்புக் காளவாய்க் கூலி.
சுண்ணாம்புக் காளவாய்க் கூலி, ஊர்ச் செலவில் அடக்கம்.
கல்யாணம் கட்டிய ஒவ்வொருவனுக்கும் ஒரு பெருக்கல் குறி.
மாறாதது அது ஒன்றுதான்.
பெயரோ
பானல். பெனில். பன்னெல். ஓரிடத்தில் பன்னர்.
அவன் வாயால் சொன்னான்,
குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதினான்.
இதானே உன் பேர் என்று திருப்பிக் காட்டியிருந்தாலும்
தலையாட்டியிருப்பான்,
ரேஷன் கார்டு வாங்கிய அன்று
என் அப்பா ஆட்டியதுபோல.

மறுபடி ஒரு தரம் அந்தக் கல்யாணப் பக்கம்.
ஜோபுக்கு நேரே: மேரி.
நாலு நாள் முன்னால் ஞானஸ்நானம்.
தகப்பன் பெயர் என்ற கட்டத்தில்
ஒரு கோடு. ஸ்கேல் வைத்துப் போட்டது.
அவ்வளவு நேரான கோடு அந்தப் புத்தகத்தில் வேறில்லை.
நாலு நாளைக்கு முன்புவரை
என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் அவளை?
எந்தப் பாஷையில்?
ரோடு போட மேலே வந்தவளா, இங்கேயே பிறந்தவளா?
ஷெரில் எத்தனை பஸ் மாறினாலும்
அந்த ஊருக்குப் போய்ச் சேர முடியாது.
அவளும் குறி போட்டிருக்கிறாள்.
சின்னது. காகிதம் கிழியவில்லை.

விரலை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை.
ஓரத்தில் கறுப்பாய் ஒரு ரேகை.
சற்குணம் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.
துடைத்தால் பரவும் என்று மூடிவிட்டார்.

திங்கட்கிழமை கல்லாறுக்கு மேலே மண் சரிந்து
ரயில் ரத்து. எனக்கு லீவு.
தாலுகா ஆபீசில் புதுப் பெண்,
ஸ்வெட்டர் கையை விரல்வரை இழுத்துவிட்டிருக்கிறாள்.
பைக்குள் சற்குணம் எழுதிக் கொடுத்த நகல்,
ஷெரில் அனுப்பிய ஒன்பது பக்கம், நோட்டரி முத்திரை.
"பேர் சொல்லுங்க சார்."
சொன்னேன்.
நிமிர்ந்தாள். "எப்படி எழுதணும்?"
வரிசையில் பின்னால் யாரோ இருமினார்கள்.
பையைத் திறக்கவில்லை.
"உங்க காதுல எப்படி விழுந்துச்சோ
அப்படியே போடுங்கம்மா.
பையனுக்கும் அதே."